பதினொரு மணிக்கான வரி

அன்று காலை அவர் கடைசியாகக் கேட்ட பொருள் நகவெட்டி.

"வச்ச இடத்துல இருந்தாத்தானே" என்று மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தார். "இந்த வீட்டுல நகவெட்டிக்கு மட்டும் கால் முளைச்சிருக்கு."

"பழைய பேப்பர விரிச்சுட்டு வெட்டுங்க. இப்பத்தான் பெருக்கினேன்."

"உத்தரவு, திருத்தம்."

அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பாடப்புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது அவள் வேலை. கல்யாணமான புதிதில் வெளியூர் வேலைக்குப் போனவர் ஒரு கடிதம் போட்டார். அதில் ஏழு பிழைகளை வட்டமிட்டு வைத்திருந்து, திரும்பி வந்ததும் கையில் கொடுத்தாள். அன்றைக்கு வைத்த பெயர். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஏறி இறங்கும் தடத்துக்கு அடியில் ஓர் ஆள் ஆழத்துக்கு இருக்கும் பள்ளத்தில்தான் பாதிப் பொழுது. அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவர் 'பாதாளம்'. பாதாளம் எங்கே என்று ஒருவன் கேட்பான், மொட்டை மாடியில் என்று இன்னொருவன் சொல்வான், எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பார்கள்.

இடது கையில் ஐந்து விரலும் முடிந்து வலது கையில் மூன்றாவது விரலுக்கு வந்தபோது ஃபோன் அடித்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுவிட்டது, நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. மிச்சம் ரெண்டு விரலைச் சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பதினொன்றே முக்காலுக்கு அவருடைய கூட்டாளி அச்சகத்துக்கு ஃபோன் செய்தார். மொட்டை மாடியில் மெஷின் ரூமுக்கு ஏறும் இரும்புப் படியில் உட்கார்ந்தாராம். மூச்சு வாங்கிக்கொள்கிறார் என்று நினைத்துக் கூட்டாளி கீழே போய் ஃபியூஸ் எடுத்துக்கொண்டு வந்தாராம். வந்து பார்த்தால் அப்படியே சாய்ந்திருந்தாராம்.

அவள் ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். மேசையில் மூன்றாம் வகுப்பு அறிவியல் விரிந்திருந்தது. நீராவிப் பாடம். அந்தப் பக்கத்தில் ஐந்து வரி பாக்கி. அந்த ஐந்து வரியையும் படித்து, ஓர் ஒற்று மிகுந்திருந்ததை அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தாள். இரண்டு நகம் வளர்ந்தபடியே இருந்தது.

*

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போனார்கள், வாடகை நாற்காலிகளும் போயின. பிள்ளைகள் இல்லாத வீடு. சத்தம் சீக்கிரம் அடங்கிவிட்டது. மிஞ்சியது கொழுந்தன் ஒருவர்தான். அவருடைய ஒரே தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அடுத்தவர் தவறுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். எது நடந்தாலும் அது யார் தப்பு என்று அவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை தவறாமல் வந்தார். காய்கறி வாங்கி வந்தார், தண்ணீர்த் தொட்டியின் மிதவையை மாற்றினார், மின்வாரியத்துக்குப் போய் வந்தார். மூன்றாவது சனிக்கிழமை ஒரு கோடு போட்ட நோட்டுடன் வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சு வாரம் அண்ணி. அவன் போறதுக்கு அஞ்சே அஞ்சு வாரத்துக்கு முன்னாடி அவன உள்ள படுக்க வச்சுப் பாத்திருக்காங்க. படத்துல இதயக் குழாய்ல அடைப்பு இருக்கு. குருடனுக்கும் தெரியுது. பக்கத்து பெட்காரருக்கு ரெண்டு ஸ்டென்ட் வச்சாங்க. இவனுக்கு மட்டும் ஏதோ கம்பிய விட்டு அளந்தோம், எண்பத்திரண்டு வருது, ஒண்ணும் வேண்டாம்னு மாத்திரையக் குடுத்து அனுப்பிட்டாங்க. அடைப்ப அளக்கறதா? இவங்க என்ன தையல்காரங்களா?"

"அப்படித்தான் செய்வாங்களாம் தம்பி. எண்பதோ அதுக்குக் கீழயோ போனாத்தான் வைப்பாங்களாம்."

"அந்த டாக்டரம்மாதான் அவனக் கொன்னுட்டா. நான் சும்மா விடப் போறதில்ல. மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதணும். எனக்கு எழுத வராது. நான் எழுதினா நீங்க சிவப்பு மையிலயே முழுசாக் குளிப்பாட்டிருவீங்க. நீங்களே எழுதுங்க. நாள், நேரம், யார் என்ன சொன்னாங்க, ஒண்ணு விடாம. எவ்வளவு நேரம் காக்க வச்சாங்க, அது உட்பட."

சரி என்றாள். எதற்கும் அப்போது சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

எழுத உட்கார்ந்தபோது நேரம் ஒவ்வொன்றும் துல்லியமாக ஞாபகம் வந்தது. மனம் மரத்துப்போயிருந்தாலும் தொழில் மரக்கவில்லை.

படி ஏறும்போது நெஞ்சை இறுக்குகிறது என்று அவர் சொன்னதும் டாக்டரம்மாவிடம் போனதும் ஒரு திங்கட்கிழமை. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டுப் படம் எடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. படத்தில் அடைப்பு நடுத்தரமாகத் தெரிந்தால் அதோடு நிறுத்தாமல் அளந்தும் பார்ப்போம் என்றார். ஒரு தாளில் ரத்தக்குழாய் வரைந்து காட்டினார்.

"அடைப்பு எவ்வளவு பெருசுங்கிறது ஒரு கேள்வி. அது ரத்தத்த நிஜமாவே தடுக்குதாங்கிறது வேற கேள்வி. ரெண்டாவதுக்குக் கண்ணு போதாது. மெல்லிசா ஒரு கம்பி. நுனிக்குப் பக்கத்துல அழுத்தம் அளக்கிற கருவி. அடைப்புக்கு முன்னாடி இருக்கிற அழுத்தம் நூறுன்னா, அதத் தாண்டினப்பறம் எவ்வளவு மிச்சம்? எண்பதும் அதுக்குக் கீழயும்னா ஸ்டென்ட் வச்சாப் பலன் இருக்கும். அதுக்கு மேலன்னா மாத்திரை போதும். தேவையில்லாத இடத்துல வச்சா அதுவே தொந்தரவு."

"லிஃப்ட்டுலயும் அப்படித்தான்" என்றார் இவர். "சத்தம் வருதுன்னு ரோப்ப மாத்தச் சொல்வாங்க. நான் முதல்ல லோடு வச்சுப் பாப்பேன்."

"அதேதான். நாங்களும் லோடு வச்சுத்தான் பாப்போம்" என்றார் டாக்டரம்மா. அளக்கும்போது ஒரு மருந்து ஏற்றுவார்களாம். அது இதயத்தின் பொடிக் குழாய்களையெல்லாம் முழுசாகத் திறந்துவிடும். ரத்தம் வேகமாகப் பாயும். அப்போதுதான் அடைப்பின் சாயம் வெளுக்கும்.

இரண்டு பக்கக் குறிப்புத்தாள் கொடுத்தார்கள். முந்தின நாள் மதியம் இரண்டு மணியிலிருந்து காபி, டீ, கோலா, சாக்லேட் கூடாது. அவற்றில் உள்ள காஃபீன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. எண் உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடலாம். 'தவிர்க்கவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தவிக்கவும்' என்று அச்சாகியிருந்தது. அவள் பென்சிலை எடுத்ததும் அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"திருத்தாதே. முதல் தடவையா ஒரு ஆஸ்பத்திரி உண்மைய அச்சடிச்சிருக்கு."

நாளுக்கு ஆறு காபி குடிக்கிறவர். தவித்தார். ஆனாலும் தொடவில்லை. முந்தின நாள் மதியம் ஒன்றரைக்குக் கடைசி டம்ளரைக் குடித்து, அவளிடம் காட்டி, கழுவிக் கவிழ்த்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. எட்டு மணிக்குக் கூப்பிடுவோம் என்றவர்கள், அவசரக் கேஸ் ஒன்று வந்துவிட்டது, பத்து ஆகும் என்றார்கள். பத்தரைக்கு, இரண்டு ஆகும் என்றார்கள்.

அவள் எழுதினாள். 7.00 — சேர்க்கை. 8.00 — அழைக்கவில்லை. 10.30 — மீண்டும் தள்ளிவைப்பு. 11.00 — பட்டினியாலும் காத்திருப்பாலும் கடுமையான தலைவலி. நாங்களே வைத்திருந்த மாத்திரை இரண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வரியை எழுதும்போது அவளுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. எவ்வளவு அலைக்கழித்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. மாத்திரையின் பெயரையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெயர் தெரியும், ஆனால் எழுத்துக்கூட்டல் சரியா என்று பார்க்காமல் எதையும் எழுதும் வழக்கம் அவளுக்கில்லை. கைப்பையில் அந்த அட்டை இன்னும் இருந்தது. பத்தில் மூன்று மாத்திரை மிச்சம். திருப்பினாள். பெயரை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. கண் பழக்கத்தில் கீழே இறங்கி, பொடி எழுத்தையும் படித்தது. பாரசிட்டமால் 500 மில்லிகிராம். காஃபீன் 65 மில்லிகிராம்.

மறுபடி படித்தாள். அச்சுப்பிழை இல்லை.

இரண்டு மாத்திரை. நூற்று முப்பது. பேனாவின் மூடியைப் போட்டாள். போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். விசில் எத்தனை வந்தது என்று எண்ணாததால் சோறு குழைந்துபோயிற்று. குழைந்ததைச் சாப்பிட்டாள்.

*

அந்தப் பதினொரு மணியை அவள் தேய்ந்துபோகும்வரை நினைத்துப் பார்த்தாள்.

"தல ரெண்டாப் பொளக்குது" என்றார் கட்டிலில் உட்கார்ந்தபடி, ஆஸ்பத்திரி அங்கியில்.

"நர்ஸ்கிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா இன்னிக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாங்கன்னு அனுப்பிருவாங்க. லீவு போட்டது வீண். உன் பையில இருக்குமே அந்த மாத்திரை. உன் ஆபீஸ் பொம்பளைங்க எல்லாரும் உன்கிட்டதான வாங்கிப் போட்டுக்கறாங்க."

"வெறும் வயித்துல ரெண்டு வேண்டாங்க. ஒண்ணு போடுங்க."

"ஒண்ணு இந்தப் பக்கத்துக்கு, ஒண்ணு அந்தப் பக்கத்துக்கு."

இரண்டு கொடுத்தாள். ஒரு மடக்குத் தண்ணீர். அரை மணியில் முகம் தெளிந்தது. "நீ கைப்பைய வச்சுக்கிட்டு வெளிய உக்காரு, நானே டாக்டர்னு ஒரு போர்டு மாட்டிடறேன்" என்று கேலி செய்தார். ஒரு மணிக்கு நர்ஸ் ஒரு தாளுடன் வந்து, "காபி, டீ, கோலா, சாக்லேட் ஏதாவது?" என்று கேட்டபோது, "நேத்து மத்தியானத்துலேருந்து சந்நியாசிம்மா" என்றார். அது பொய்யில்லை. "வழக்கமா சாப்பிடற மாத்திரை?" டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினார்கள். தலைவலி மாத்திரையை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? நர்ஸ் கட்டத்தில் ஒரு 'இல்லை' போட்டுக்கொண்டாள். அவர் இவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மாலையில் மணிக்கட்டில் கட்டுடன் வெளியே வந்தவர் ஒரே உற்சாகம். உள்ளே நடந்ததையெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். மருந்து ஏறியபோது ரெண்டு நிமிஷம் நெஞ்சில் யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இருந்ததாம், அப்புறம் அதுவே போய்விட்டதாம். திரையில் மேலும் கீழுமாக இரண்டு கோடு, சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. ரெண்டும் கட்டிப் பிடித்துக்கொண்டு போனதாம், பிறகு பச்சை கொஞ்சம் கீழே இறங்கியதாம். திரைக்கு முன்னால் இருந்த டெக்னீஷியனிடம், "தம்பி, எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாராம். எண்பத்திரண்டு என்றானாம்.

"வாழ்க்கையில முதல் தடவையா எண்பதத் தாண்டியிருக்கேன். பரிசு ஒண்ணும் கிடையாதாம். வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாங்க."

இறங்கியதும் நேரே ஒரு கடைக்குப் போய் நின்றபடியே இரண்டு காபி குடித்தார்.

*

அவள் அச்சகத்தில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். கொழுந்தனிடம் சொல்லவில்லை. எண்பத்திரண்டு என்பது அவருடைய இதயம் காட்டிய எண்ணா, தன் கைப்பை காட்டிய எண்ணா? அது தெரியாமல் அடுத்த வரியை எழுத முடியவில்லை. அந்த வரியோடு கடிதத்தை நிறுத்திவிடவும் முடியாது, அடித்துவிட்டு மேலே போகவும் முடியாது.

டாக்டரம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நின்றார். "கேள்விப்பட்டேன்மா. ஃபோன் பண்ணணும்னு நினைச்சேன். பண்ணல. தப்புதான்."

அவள் அட்டையை மேசையில் வைத்தாள். பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள். "அன்னிக்கு காலைல பதினொரு மணிக்கு. ரெண்டு. நான்தான் கொடுத்தேன்."

டாக்டரம்மா அதைப் படிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உள்ளே அழைத்துப்போனார். அன்றைக்கு இருந்த அதே டெக்னீஷியன் பழைய பதிவைத் தேடி எடுத்தான். திரையில் கோடுகள் வந்தன. சிவப்பும் பச்சையும். அவர் பஸ்ஸில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது அப்படியே இருந்தது. ஒவ்வொரு மேடும் அவருடைய ஒரு துடிப்பு. ஐந்து வாரம் பாக்கியிருந்த துடிப்புகள். அவள் அழவில்லை. திரையின் ஓரத்தில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"முதல்ல கம்பி சரியா அளக்குதான்னு பாப்போம்" என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "ரெண்டு அழுத்தமும் சமமா இருக்கற இடத்துல வச்சு நூறு காட்டுதான்னு. கடைசிலயும் வெளிய இழுத்து அதே மாதிரி பாப்போம். பாருங்க, நூறு. கம்பில தப்பில்ல."

"கம்பிய நான் சந்தேகப்படல."

"தெரியும்மா. இது மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி, சும்மா படுத்திருக்கும்போது எடுத்தது. இந்த அளவுக்கு மருந்தே வேண்டாம். அதனால காஃபீன் இதுல தலையிடாது. இதுல எண்பத்தொன்பதும் அதுக்குக் கீழயும் போனாத்தான் யோசிக்கணும். அவருக்குத் தொண்ணூத்தொண்ணு. அதுவும் ஸ்டென்ட் வேண்டாம்னுதான் சொல்லுது."

"அப்ப மருந்து ஏத்தினது?"

"இங்க பாருங்க, மருந்து ஏறினதும் ரத்த அழுத்தம் இறங்குது. நெஞ்சு கனக்குதுன்னும் சொல்லியிருக்கார், குறிச்சு வச்சிருக்கோம். மருந்து வேலை செஞ்சிருக்கு."

"முழுசா?"

டெக்னீஷியன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"அது தெரியாது."

"மாத்திரை போடாம இருந்திருந்தா எவ்வளவு காட்டியிருக்கும்?"

"அதே எண்பத்திரண்டு காட்டியிருக்கலாம். எண்பத்தொண்ணு, எண்பது."

"எழுபத்தெட்டு?"

"காட்டியிருக்கலாம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதையும் கேளுங்க. எண்பதுங்கறது நாங்க போட்ட கோடு. கோட்டுக்கு ரெண்டு இந்தப் பக்கமும் ரெண்டு அந்தப் பக்கமும் இருக்கறவங்கள்ல, ஸ்டென்ட் வச்சவங்களுக்கும் வைக்காதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கறதில்ல. அவருக்கு அன்னிக்கு அந்த இடத்துலதான் அடைச்சுதான்னுகூட நமக்குத் தெரியாது. வேற இடத்துல வெடிச்சிருக்கலாம். அடைப்பாவே இல்லாம, துடிப்பு தாறுமாறாப் போயிருக்கலாம்."

தலையாட்டினாள். சொன்னது ஒவ்வொன்றும் புரிந்தது. எதுவும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அந்த அறையில் ஏசி குளிர் அதிகம் என்பதும், டெக்னீஷியனின் சட்டையில் இரண்டாவது பட்டன் வேறு நிறம் என்பதும் மட்டும் அவளுக்குத் திட்டமாகத் தெரிந்தன.

"இத நான் அவர் பதிவுல சேர்க்கணும்மா. நர்ஸ் கேக்கற தாள்லயும் தலைவலி மாத்திரைன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லணும். அந்தக் கேள்விய நாங்க கேக்கல. அது எங்க தப்பு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றாள். பிறகு யோசித்து, "சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்" என்றாள். "என் கொழுந்தன் உங்க மேல புகார் எழுதச் சொல்றார். நான்தான் எழுதறேன்."

"எழுதுங்க."

"இதையும் எழுதினா அவருக்குத் தெரிஞ்சுபோயிடும்."

டாக்டரம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பதிவில் சேர்க்கும் இரண்டு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து அவளிடம் காட்டினார். அவள் படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை.

*

சனிக்கிழமை கொழுந்தன் வந்தபோது கடிதம் தயாராக இருந்தது. நான்கு பக்கம். பதினொரு மணிக்கான வரி இப்போது மூன்று வரியாகியிருந்தது. மாத்திரையின் பெயர், அதில் காஃபீன் எவ்வளவு, கொடுத்தது யார், நர்ஸ் கேட்டபோது அதைச் சொல்லாமல் விட்டது யார். அலைக்கழித்ததற்குச் சான்றாக அது இப்போது இல்லை. அது வெறும் நேரம், வெறும் செயல்.

அவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "ஏழு மணி, சேர்க்கை. எழுதியிருக்கீங்க பாருங்க, நல்லாருக்கு அண்ணி, வக்கீல் தோத்தான். எட்டு மணி, அழைக்கவில்லை. அப்படித்தான், அப்படித்தான். பத்தரை…" பதினொன்றில் குரல் நின்றது. மிச்சத்தை மனசுக்குள் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. மேல்கால் கீழே இறங்கியது. திரும்ப முதலிலிருந்து அந்த மூன்று வரியைப் படித்தார்.

"இது என்ன?"

"நடந்தது."

"காபிதான கூடாதுன்னாங்க. இது மாத்திரை."

"உள்ள அதேதான் தம்பி."

"அந்த டாக்டர் உங்களுக்கு ஓதி அனுப்பிச்சாளா?"

"நான்தான் போய்ச் சொன்னேன். அவங்களுக்கு அதுவரைக்கும் தெரியாது. மாத்திரையாலதான்னு சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுன்னாங்க."

"எங்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணலையா? ஊரெல்லாம் நான் அந்த டாக்டர் கொன்னுட்டான்னு சொல்லிட்டுத் திரியறேன். சொந்தக்காரன், சிநேகிதன், வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவன், ஒருத்தன விடல. இப்ப நான் என்ன சொல்லணும்? என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

நியாயமாகத்தான் கேட்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒரு மூணு மணி நேரம் தலவலியப் பொறுத்துக்க முடியாதா அவனால?" என்றார். பிறகு, "கேட்டா நீங்க குடுத்துருவீங்களா?" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. "இந்த மூணு வரி இல்லாம ஒரு பிரதி எழுதுங்க."

"எழுத மாட்டேன்."

"சும்மா அத மட்டும் விட்டுட்டு…"

"அத விட்டுட்டு எழுதினா நான் பிழை விட்டு எழுதின மாதிரி. உங்களுக்கு வேணும்னா நீங்க எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டா மட்டும் சொல்வேன்."

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். காபி போட்டு வைத்திருந்தாள். அதை எடுக்கவில்லை. போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. தெருமுனையில் வழக்கமாக அடிக்கும் ஹாரனும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அவள் காய்கறி வாங்கினாள். மின்வாரியத்துக்குப் போய் வந்தாள். அச்சகத்தில் நான்காம் வகுப்பு அறிவியல் வந்தது; ரத்த ஓட்டம் அதில்தான் இருந்தது. பிழைகள் குறைவு. ஒரு படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருந்ததைச் சுட்டி அனுப்பினாள். கூட வேலை செய்யும் பெண் தலைவலி என்று கையை நீட்டினாள். "என்கிட்ட இல்ல" என்றாள். எல்லாருக்கும் ஆச்சரியம்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒரு நாள் கட்டாயம் வரும் என்று அவளுக்கே நிச்சயம். குளிக்கும்போது, பஸ்ஸில், கதவைத் திறக்கும்போது என்று ஒவ்வோர் இடமாகச் சந்தேகப்பட்டு வைத்திருந்தாள். வரவில்லை.

*

மூன்றாவது சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தாள். அவர்தான். கையில் அண்ணனின் வேலைப் பை. கம்பெனி அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்களாம், சாவி தன்னிடம் இருந்ததால் தானே போய் எடுத்து வந்ததாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். உள்ளே வந்து பையை மேசைக்குக் கீழே வைத்தார். உட்காரவில்லை.

"அந்த மூணு வரி இல்லாம நானே எழுதிப் பாத்தேன்" என்றார். "நாலு தடவை. பத்தரைக்கு அப்புறம் நேரா ஒரு மணிக்குப் போகுது. நடுவுல ரெண்டரை மணி நேரம் அவன் என்ன பண்ணினான்னு படிக்கிறவன் கேப்பான்."

அவள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க லெட்டரக் குடுக்கல. கிழிக்கவும் இல்ல. வண்டியில கெடக்கு." நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தலவலின்னா அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். வீட்டயே ரெண்டாக்குவான். எங்கிட்ட கேட்டிருந்தா நானும் குடுத்திருப்பேன். நாலு குடுத்திருப்பேன்."

இதையும் சுவரிடம்தான் சொன்னார். வந்ததிலிருந்து அவளைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை; அண்ணி என்று கூப்பிடவும் இல்லை. மன்னித்துவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். டம்ளரைத் தானே கழுவினார். மிதவை ஒழுகுகிறதா என்று போய்ப் பார்த்தார். ஒழுகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இரண்டாவது திருப்பத்தில் காலடி நின்றது. அவள் கதவில் கைவைத்தபடி நின்றாள்.

"அடுத்த வாரம் கொஞ்சம் லேட்டாகும் அண்ணி" என்றார் கீழேயிருந்து.